கேளுங்கள், சொல்கிறோம்: தம்பிக்கு எழுதிவைத்த புன்செய்

சென்ற இதழில் தூத்துக்குடி அருகே உள்ள வாகைக்குளம் விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பற்றி எழுதியபோது, அங்கே முதலில் வந்திறங்கியது வாயுதூத் விமானம் என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதியாக இருப்பதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் மறைந்துபோன அந்த நிறுவனத்துக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: காலமான என் தந்தையாரின் தகரப்பெட்டியில், நிலப்பத்திரங்களுக்கு நடுவே, "வாயுதூத்" என்று அச்சிட்ட காகித உறை ஒன்று இருந்தது. அதில் பி.எஃப். என்ற எழுத்துகள் தென்பட்டதால், வருங்கால வைப்பு நிதி தொடர்பான காகிதம் என்று இத்தனை ஆண்டுகளாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தோம். உண்மையில் வாயுதூத் என்பது என்ன? (அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அது பயணச்சீட்டு உறை. ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஈரெழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. இந்தியன் ஏர்லைன்ஸுக்கு ஐ.சி., ஏர் இந்தியாவுக்கு ஏ.ஐ. என்பதுபோல, வாயுதூத்துக்கு வாய்த்தது பி.எஃப். மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த நம் ஊர்களில் அந்த எழுத்துகள் வேறெதையும் நினைவூட்டாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

வாயுதூத், அப்போது அரசுக்குச் சொந்தமாயிருந்த இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் சேர்ந்து தோற்றுவித்த துணை நிறுவனம். 1981 ஜனவரி 20 அன்று பதிவாகி, அந்த ஆண்டுக் குடியரசு தினத்தன்று பறக்கத் தொடங்கியது. முதலில் அதற்கு இடப்பட்ட பணி வடகிழக்கு மாநிலங்களைக் கொல்கத்தாவோடும் கௌஹாத்தியோடும் இணைப்பது. நாட்டுப் பிரிவினைக்குப் பின்னர், ஆகாய வழியில் முந்நூறு சொச்சம் கிலோமீட்டர் தொலைவே உள்ள அகர்தலாவிலிருந்து கொல்கத்தாவுக்குத் தரைவழியே வர வேண்டுமானால், அஸ்ஸாமைச் சுற்றிக்கொண்டு, சிலிகுரி இடுக்கு வழியாக 1,500 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்ய வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தப் பணியின் அருமை விளங்கும். திரிபுராவின் கைலாஷகர், கமால்பூர் போன்ற சிற்றூர்களில் சிறு ஓடுதளங்கள் இருந்தன. வடகிழக்கின் வேறு பல இடங்களிலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைத்த தளங்கள் கிடந்தன. அவற்றில் இறங்குவதற்குப் பெரிய ஜெட் விமானங்கள் உதவா. இந்தியன் ஏர்லைன்ஸுக்கோ அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க ஆர்வமில்லை.

1980களின் நடுவில் நிறுவனம் நாடு முழுவதும் கிளை பரப்பியது. இந்தியன் ஏர்லைன்ஸில் ஆவ்ரோ விமானத்தை ஓட்டிய விமானியாக இருந்தவர் ராஜீவ் காந்தி. அவர் பிரதமராக இருந்த 1984 முதல் 1989 வரையிலான காலத்தை வாயுதூத்தின் வளர்பிறை என்றே சொல்லிவிடலாம். தமிழகத்தை எடுத்துக்கொண்டால், சென்னையிலிருந்து நெய்வேலிக்கும் தஞ்சாவூருக்கும் அதன் விமானங்கள் போய்வந்தன, புதுச்சேரிக்கும் உண்டு. நெய்வேலிக்கு விமானமா என்று இன்றைய இளைஞர்கள் கேட்பார்கள். இருந்தது. தங்கள் தந்தையார் எந்த ஊருக்கு எந்த ஊரிலிருந்து சென்றார் என்பதை உறையின் உட்பக்கத்தில் யாரேனும் எழுதிவைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: இந்தியன் ஏர்லைன்ஸும் அரசுடையது, வாயுதூத்தும் அரசுடையது. ஒரே அரசு எதற்காக இரண்டு பெயரில் விமானம் விட்டது? சிற்றூர்களுக்கு இந்தியன் ஏர்லைன்ஸே போயிருக்கலாமே? அல்லது தனியாரிடம் விட்டிருக்கலாமே? (பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர்)

பதில்: ஐயா கேட்டிருப்பது இந்தக் கதையின் வேரையே தொடும் கேள்வி, ஆகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1953இல் நாடாளுமன்றம் இயற்றிய வான்வழிக் கழகங்கள் சட்டத்தின்படி, அப்போது இயங்கிவந்த தனியார் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாகி, உள்நாட்டுக்கு ஒன்றும் வெளிநாட்டுக்கு ஒன்றுமாக இரண்டு கழகங்கள் தோன்றின. கால அட்டவணைப்படி பயணிகளை ஏற்றிச்செல்லும் உரிமை, அந்த இரு கழகங்களுக்கும் அவற்றின் கூட்டு நிறுவனங்களுக்கும் மட்டுமே என்று அந்தச் சட்டம் வரையறுத்தது. துணை நிறுவனமும் கூட்டு நிறுவனம் என்ற சொல்லுக்குள் அடங்கும். ஆகவே 1981இல் யாராவது ஒருவர் பதினைந்து இருக்கைகள் கொண்ட விமானத்தை வாங்கி, நெல்லைக்கும் சென்னைக்கும் இடையே நாள்தோறும் காலை எட்டு மணிக்கு விடுகிறேன் என்று முன்வந்திருந்தாலும், சட்டம் அதை அனுமதித்திருக்காது. புதிதாக ஒரு விமான நிறுவனம் பிறக்க வேண்டுமானால், அது அந்த இரு கழகங்களின் வயிற்றில்தான் பிறந்தாக வேண்டும். வாயுதூத் துணை நிறுவனமாகப் பிறந்ததற்கு இதுவே காரணம்.

இந்தியன் ஏர்லைன்ஸே ஏன் போகவில்லை என்பதற்குக் கணக்குதான் விடை. நூற்றுக்கும் மேற்பட்ட இருக்கைகள் உள்ள போயிங் 737க்கும் இரண்டு விமானிகள். பத்தொன்பது பேர் அமரும் டோர்னியருக்கும் இரண்டு விமானிகள். விமானம் நாளைக்கு ஒருமுறை வந்தாலும் பத்துமுறை வந்தாலும், நிலையத்தில் தீயணைப்பு வண்டியும் எரிபொருள் வண்டியும் சீட்டுக் கொடுப்பவரும் தொடர்பு அலுவலரும் இருந்தே ஆக வேண்டும். இத்தனை செலவையும் பதினைந்து பேர் தலையில் ஏற்றினால் கட்டணம் வானத்தைத் தொடும், ஏற்றாவிட்டால் நட்டம். மும்பை, தில்லி தடங்களில் நிறைந்த இருக்கைகளோடு பறந்துகொண்டிருந்த தாய் நிறுவனம் இந்தச் சுமையைத் தன் கணக்கில் காட்ட விரும்பவில்லை.

நம் பக்கத்துப் பாகப்பிரிவினை வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். தாமிரபரணிப் பாசனத்தில் முப்போகம் விளையும் நன்செயைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, வல்லநாட்டுக்கு அப்பால் வானம் பார்த்த புன்செயைத் தம்பிக்கு எழுதிவைத்துவிட்டு, "அவனுக்கும் பத்து ஏக்கர் கொடுத்திருக்கிறேனே" என்று ஊரில் சொல்லிக்கொள்ளும் அண்ணனை நாம் அறிவோம். வாயுதூத்துக்கு நடந்ததும் அதுவே. உழுவதற்குக் கொடுத்ததும் கிழட்டு மாடுகள்: இந்தியன் ஏர்லைன்ஸ் ஓட்டி அலுத்த ஃபோக்கர் எஃப்-27 விமானங்கள். எந்த ஊருக்குப் பறப்பது என்பதை முடிவுசெய்யும் சுதந்திரமும் முழுமையாக இருக்கவில்லை; தத்தம் தொகுதிக்கு விமானம் வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்பதும், அமைச்சகம் சரி என்பதும் வழக்கமாகிவிட்டன. அந்தத் தடத்தில் ஏற்படும் நட்டத்தை யார் தருவது என்ற கேள்விக்கு மட்டும் எவரும் விடை சொல்லவில்லை. சிற்றூர்க்காரர்கள் விமானத்தில் ஏறமாட்டார்கள், அதனால்தான் வாயுதூத் நொடித்தது என்று சிலர் எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பொதுநலப் பணியைச் செய்யச் சொல்லிவிட்டு, வணிகக் கணக்கில் தேர்ச்சிபெறச் சொன்னதுதான் அதைச் சாய்த்தது.

கேள்வி: வாயுதூத் எந்தெந்த விமானங்களைப் பயன்படுத்தியது? அவை பாதுகாப்பானவையா? (சங்கரன்கோவிலிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பதில்: ஃபோக்கர் எஃப்-27, ஆவ்ரோ என்று நாம் அழைக்கும் எச்.எஸ். 748, டோர்னியர் 228 ஆகிய மூன்று வகைகள். மூன்றுமே சுழலி முன்னால் சுற்றும் இரட்டை எஞ்சின் விமானங்கள். முதலிரண்டும் நாற்பது பேரளவில் ஏற்றக்கூடியவை. டோர்னியர் ஜெர்மானிய வடிவமைப்பு. முதலில் அங்கிருந்தே வந்தன, பின்னர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றுக் கான்பூரில் கட்டிக்கொடுத்தது. இறக்கை உடலின் மேற்பக்கத்தில் இருப்பதால் சன்னலோரம் அமர்ந்தவருக்குக் கீழே நிலம் மறைவின்றித் தெரியும். உள்ளே காற்றழுத்தம் ஏற்றும் வசதி கிடையாது. ஆகவே மிக உயரத்துக்குப் போகாமல், மேகங்களுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கித்தான் பறக்கும். ஆயினும் ஒரு கிலோமீட்டருக்குக் குறைந்த ஓடுதளத்திலிருந்தும் எழும்பிவிடும் என்பது அதன் பெரிய பலம். இன்றும் நம் கடலோரக் காவல்படை அந்த வகை விமானங்களை நம்பியிருக்கிறது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை இரு பெரும் துயரங்களைச் சொல்ல வேண்டும். 1988 அக்டோபர் 19 அன்று சில்சாரிலிருந்து கௌஹாத்திக்குச் சென்ற ஃபோக்கர் விமானம், மோசமான வானிலையில் கௌஹாத்தி அருகே விழுந்து, அதிலிருந்த 34 பேரும் இறந்தனர். அதே நாள் காலையில் இந்தியன் ஏர்லைன்ஸின் போயிங் 737 அகமதாபாத்தில் விழுந்து 130க்கும் மேற்பட்டோர் மாண்டிருந்ததால், நாடு முழுவதும் அந்த விபத்தையே பேசியது. அன்றைய சாவிலும் தம்பி அண்ணனின் நிழலில் மறைந்துபோனான். மறு ஆண்டு செப்டம்பரில், புனேயிலிருந்து ஹைதராபாத்துக்குப் புறப்பட்ட டோர்னியர் ஒன்று பீமா ஆற்றின் உஜனி நீர்த்தேக்கத்தில் விழுந்து 11 பேர் உயிரிழந்தனர்.

மூன்று வகை விமானங்களை வைத்திருந்ததில் வேறொரு சிக்கலும் இருந்தது. ஒவ்வொரு வகைக்கும் தனி உதிரிப்பாகம், தனிப் பயிற்சிபெற்ற பொறியாளர், தனி உரிமம் பெற்ற விமானி என்று எல்லாமே மும்மடங்காகும். காலையில் ஒரு விமானம் பழுதானால், அது போக வேண்டிய நான்கைந்து ஊர்களுக்கும் அன்று சேவை இல்லை. இரண்டு முறை அப்படி ஏமாந்தவர் மூன்றாம் முறை இரவு ரயிலுக்கே முன்பதிவு செய்துவிடுவார்.

கேள்வி: வாகைக்குளத்துக்கு வாயுதூத் வந்தது எப்போது, நின்றது ஏன்? கயத்தாறில் பழைய ஓடுதளம் இருக்கும்போது வாகைக்குளத்தைத் தேர்ந்தெடுத்தது சரியா? (தூத்துக்குடியிலிருந்து ஒரு வணிகர்)

பதில்: வாகைக்குளம் நிலையம் பயன்பாட்டுக்கு வந்தது 1992இல். அந்த ஆண்டே வாயுதூத்தின் டோர்னியர் வந்தது, ஆனால் நீடிக்கவில்லை. காலம் அப்படி. அந்த ஆண்டுகளில் நடந்தவற்றை வரிசையாக நினைத்துப் பார்த்தால், தஞ்சை, நெய்வேலித் தடங்களைப் போல இதுவும் கருகியதற்கு நம் ஊரில் காரணம் தேட வேண்டியதில்லை என்பது புரியும். 1990 பிப்ரவரியில் இந்தியன் ஏர்லைன்ஸின் புத்தம்புதிய ஏர்பஸ் ஏ-320 பெங்களூரில் விழுந்து 92 பேர் இறந்தனர். அந்த வகை விமானங்கள் அனைத்தையும் மாதக்கணக்கில் தரையில் நிறுத்திவைத்ததால் தாய் நிறுவனத்தின் வருவாய் சரிந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் குவைத் நெருக்கடி. எரிபொருள் விலை ஏறியது. 1991இல் அன்னியச் செலாவணித் தட்டுப்பாடு, ஜூலையில் ரூபாய் மதிப்புக் குறைப்பு. உதிரிப்பாகங்களுக்கு டாலரிலும் பவுண்டிலும் பணம் கட்ட வேண்டிய நிறுவனத்துக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பதை ஏற்றுமதி இறக்குமதி அறிந்த தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே சமயம் வான்டாக்சி என்ற பெயரில் தனியாருக்குக் கதவு திறந்தது. ஈஸ்ட் வெஸ்ட் போன்ற புதியவர்கள் லாபமுள்ள பெருநகரத் தடங்களில் புகுந்துகொள்ள, சிற்றூர் நட்டத்தை ஈடுகட்டும் அளவுக்குக் கையில் காசுள்ள அண்ணன் என்று எவரும் இல்லாமல் போனார். வாகைக்குளத்துக்கு வாயுதூத் வந்து சேர்ந்தது, கல்யாண வீட்டில் இலை எடுக்கும் நேரத்தில் பந்திக்கு வந்தவர் கதைதான்.

அதற்குப் பின் என்.இ.பி.சி. நிறுவனத்தின் விமானங்கள் வந்தன. முப்பந்தலில் காற்றாலைகளை நிறுவிப் பெயர்பெற்ற அதே சென்னைக் குழுமம்தான் அது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றில் சம்பாதித்தவர்கள் அதே காற்றில் பறக்கவும் முயன்றார்கள். 1997இல் அவர்களும் நின்றுபோனார்கள். பிறகு நீண்ட வெறுமை. 2006இல் ஏர் டெக்கான் வந்த பிறகே சென்னை விமானம் என்பது இங்கே மறுபடியும் பேச்சில் வந்தது.

தேர்வு சரியா என்றால், சரியே. கயத்தாறு ஓடுதளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. சுற்றிலும் காற்றாலைகள் எழும்பிவிட்டன. நெல்லையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரிலும், தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அதைவிட அருகிலும் இருக்கும் வாகைக்குளம் இரு நகரங்களுக்கும் பொது. குறை ஓடுதளத்தின் நீளத்தில் இருந்தது: ஏறத்தாழ 1,350 மீட்டர். டோர்னியருக்கு அது தாராளம். பெரிய விமானங்களுக்குப் போதாது. எனவே வாகைக்குளம் வாயுதூத்தின் அளவுக்குத் தைத்த சட்டையாகவே முப்பது ஆண்டுகள் இருந்தது. 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்தபோதுதான் 3,115 மீட்டர் ஓடுதளம் அதற்குக் கிடைத்தது. அதுவரை நெல்லைக்காரர்களில் பலர் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் பயணம் செய்து, மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய்த்தான் விமானம் ஏறினார்கள்.

கேள்வி: வாயுதூத் என்றால் என்ன பொருள்? (களக்காட்டிலிருந்து ஒரு பள்ளி மாணவன்)

பதில்: காற்றின் தூதன். காற்றின் மகனாகவும் இராமனின் தூதனாகவும் இருந்த அனுமனை நினைவூட்டும் பெயர். அனுமன் இலங்கைக்குத் தாவிய மகேந்திர மலை நம் மகேந்திரகிரிதான் என்று உங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பாய், தம்பி. அந்த மலையடிவாரத்தில் இன்று ராக்கெட் எஞ்சின்களைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: நிறுவனம் மூடியபோது ஊழியர்களும் விமானங்களும் என்ன ஆயினர்? (வள்ளியூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: 1993இல் வாயுதூத்தை இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைக்கும் முடிவு வந்தது. குறுந்தொலைவு இயக்கத் துறை என்ற பெயரில் ஒரு பிரிவு உண்டாகி, டோர்னியர்கள் சில ஆண்டுகள் அதன்கீழ் பறந்தன. ஊழியர்கள் படிப்படியாகத் தாய் நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்ந்தனர். 1997இல் அந்தக் கணக்கும் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், தம்பியைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட இந்தியன் ஏர்லைன்ஸ், 1996இல் அலையன்ஸ் ஏர் என்ற புதிய துணை நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா குழுமத்திடம் போனபோதும், அலையன்ஸ் ஏர் மட்டும் அரசிடமே தங்கிவிட்டது.

கேள்வி: சிறு நகரங்களுக்கு விமானம் விடும் அரசின் உடான் திட்டம் வாயுதூத்தின் மறுபிறவிதானே? அதற்கும் இதே கதிதான் என்று சொல்லலாமா? (தென்காசியிலிருந்து ஒரு வழக்கறிஞர்)

பதில்: நோக்கம் ஒன்றே, ஏற்பாடு வேறு. இடையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு வருகிறேன். 1953ஆம் ஆண்டுச் சட்டம் 1994இல் நீங்கியபோது, அந்த ஆண்டு மார்ச் முதல் தேதியிலிருந்து ஒரு விதியை அரசு கொண்டுவந்தது. பெருநகரத் தடங்களில் பறக்கும் நிறுவனம் எதுவாக இருந்தாலும், அங்கே அளிக்கும் இருக்கைத் திறனில் பத்து விழுக்காட்டுக்கு ஈடான அளவு வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான், லட்சத்தீவுத் தடங்களிலும், ஐம்பது விழுக்காட்டுக்கு ஈடான அளவு பிற தடங்களிலும் பறக்க வேண்டும் என்பது அது. தம்பி ஒருவன் தலையில் இருந்த சுமை அனைவருக்கும் பங்காயிற்று. ஆனால் நிறுவனங்கள் தங்கள் 737 போன்ற பெரிய விமானங்களையே கொண்டு கணக்கை நிரப்பியதால், சின்ன ஓடுதளங்களுக்குப் பயன் கிட்டவில்லை.

2016இல் அறிவித்து, 2017 ஏப்ரலில் சிம்லா–தில்லி தடத்தில் அலையன்ஸ் ஏர் விமானத்தோடு தொடங்கிய உடான் திட்டத்தில், நட்டத்தை ஈடுகட்டும் தொகையை முன்கூட்டியே வரையறுத்துவிடுகிறார்கள். குறைந்த தொகை கேட்கும் நிறுவனத்துக்குத் தடம் கிடைக்கிறது. பிற தடங்களில் விதிக்கும் தீர்வையிலிருந்து ஒரு நிதி சேர்கிறது. மாநில அரசும் பங்கு தருகிறது. "இந்த நட்டம் யாருடையது" என்று வாயுதூத் காலத்தில் எவரும் விடை சொல்லாத கேள்விக்கு விடையை இங்கே ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதை நான் பெரிய முன்னேற்றமாகவே கருதுகிறேன். ஆனால் உதவி மூன்று ஆண்டுகளுக்கே. அதற்குள் தடம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். சேலத்தில் 2018 மார்ச்சில் டிரூஜெட் தொடங்கிய சேவை 2021இல் நின்று, 2023 அக்டோபரில்தான் வேறு நிறுவனங்களால் மீண்டது. வாயுதூத் போய்வந்த நெய்வேலியும் தஞ்சாவூரும் உடான் பட்டியலில் இடம்பெற்றும் நெடுங்காலம் காத்திருந்த ஊர்கள். ஆகவே வழக்கறிஞர் ஐயா, தீர்ப்பை ஒத்திவைப்பதே முறை.

கேள்வி: இவ்வளவு எழுதுகிறீர்களே, தாங்கள் வாயுதூத்தில் பறந்ததுண்டா? (அதே பாளையங்கோட்டை ஆசிரியர், தனி அட்டையில்)

பதில்: இல்லை, ஐயா. வாகைக்குளத்தில் அது நின்றதை வேலிக்கு வெளியே இருந்து பார்த்ததோடு சரி. அன்றிரவு நெல்லை எக்ஸ்பிரஸில்தான் சென்னைக்குப் போனேன்.